சொந்தமாக ஒரு கேள்வி

தினமும் காலையில் இருபது பக்கம் படித்த பிறகுதான் நான் பேப்பரையே கையில் எடுப்பேன். காய்ச்சலில் படுத்த நாட்களிலும் இந்தப் பழக்கம் தவறியதில்லை. என் கல்யாணத்தன்று காலையில்கூடப் படித்தேன். என் மனைவி இன்றைக்கும் அதை விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

விசாரணை அதிகாரியான உங்களிடம் ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். இது இரண்டாவது. நீங்கள் கேட்கவில்லை, நானாகவே எழுதுகிறேன். கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிற்சாலையில் காயத்துக்குக் கட்டும் துணியும் பஞ்சும் தயாரிக்கிறோம். நூற்று நாற்பது பேர் வேலை செய்யும் இடம். பதினேழு ஆண்டுகளாக நான் அதன் மேலாளர். துணியை வெட்டுவது, மடிப்பது, உறையில் போடுவது எல்லாம் ஒரு கூடத்தில் நடக்கும். உறையிட்ட கட்டுகளைக் கடைசியில் நீராவி அறைக்குள் தள்ளிக் கிருமி நீக்குவோம். ஆள் உயரத்துக்கு வட்டமான இரும்புக் கதவு உள்ள அறை அது. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை கதவின் பூட்டு விடாது. அழுத்தத்தைக் காட்டும் கேஜில் முள் பூஜ்யத்துக்கு வந்தால்தான் 'டக்' என்று விடும். பிறகு சக்கரத்தைச் சுற்றிக் கதவைத் திறக்கலாம். இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஐந்தாண்டுகளுக்கு முன் புதிதாக ஓர் இயக்குநர் வந்தார். தலைமை அலுவலகத்தில் நடந்த முதல் கூட்டத்திலேயே, "மேலாளர்னா பதில் சொல்றவர்னு நினைச்சிட்டிருக்கோம். எனக்குக் கேள்வி கேக்கிற மேலாளர்தான் வேணும். கத்துக்கிறத நிறுத்தினவர் தலைவரா இருக்க முடியாது" என்றார். மற்ற மேலாளர்கள் மேசைக்குக் கீழே ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். எனக்காகவே பேசியது போல இருந்தது. அப்போதே என்னிடம் பதினொரு பயிற்சிச் சான்றிதழ்கள் இருந்தன.

ஊர் திரும்பியதும் வேலையை ஆரம்பித்தேன். சாப்பாட்டு அறையில் புத்தக அலமாரி வைத்தேன். புதன்கிழமைதோறும் பதினொரு மணிக்கு அரை மணி நேரம் இயந்திரங்களை நிறுத்திவிட்டுக் கேள்வி நேரம் நடத்தினேன். யாரும் எதையும் கேட்கலாம். முதல் ஆளாக நானே கேட்டால் மற்றவர்களுக்குக் கூச்சம் போகும் என்று, கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கி, 'என் கேள்விகள்' என்று தலைப்பும் எழுதினேன்.

அங்கேதான் சிக்கல். எனக்குக் கேள்வி வரவில்லை.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. கூடத்தின் நடுவில் நின்று பார்ப்பேன். வெட்டும் இயந்திரம் வெட்டிக்கொண்டிருக்கும். பெண்கள் மடித்துக்கொண்டிருப்பார்கள். எல்லாம் இருக்க வேண்டியபடி இருக்கும். என்னவென்று கேட்பது? படித்த புத்தகங்களிலிருந்து கேள்விகளை எழுதி வைத்தேன். 'நமது வாடிக்கையாளர் யார்?' என்று ஒரு புதன்கிழமை கேட்டேன். காயம் பட்டவர்கள் என்றார் வாசல் காவலர். எல்லாரும் சிரித்தார்கள். அதோடு அது முடிந்தது.

மனைவி பள்ளி ஆசிரியை. ஒருநாள் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் பதில் தெரிஞ்ச கேள்வியாவே இருக்கே. என் பரீட்சைத் தாள் மாதிரி" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அதிகம் உறுத்தியது.

இனி நீராவி அறையை இயக்கிய அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் கோப்பில் அவர் பெயர் இருக்கிறது. எங்களுக்கு அவர் ஏனக்கா. கட்டு மடிக்கும் வேலைக்கு வந்தவர். எதைப் பார்த்தாலும் "ஏன்?" என்று கேட்பார் என்பதால் கூடமே வைத்த பெயர் அது. வயது நாற்பத்து மூன்று. கணவர் பேருந்து ஓட்டுநர், கல்லூரி முதலாண்டில் ஒரு மகள். ஏனக்காவின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது.

நான்காவது புதன்கிழமை அவர் கையைத் தூக்கினார். "சார், நீராவி அறையில கீழ்த்தட்டுக் கட்டு மட்டும் ஏன் ஈரமா வருது?"

அது பத்து வருடமாக ஈரமாகத்தான் வந்துகொண்டிருந்தது. காய வைத்து அனுப்புவோம். அப்படித்தான் என்று எல்லாருக்கும் தெரியும். ஏனக்கா விடவில்லை. ஒவ்வொரு தட்டிலும் பழைய செய்தித்தாளைப் பரப்பி, எது எங்கே நனைகிறது என்று இரண்டு வாரம் பார்த்தார். மேல்தட்டின் அடியில் கூடும் தண்ணீர் நேராகக் கீழே சொட்டுகிறது என்று தெரிந்தது. ஒரு தகட்டைச் சாய்வாகப் பொருத்தச் சொன்னார். அதோடு ஈரம் நின்றது. அறையை இயக்கும் வேலையையே பிறகு அவரிடம் கொடுத்தேன்.

இன்னொரு முறை, வியாழக்கிழமைகளில் மட்டும் ஏன் உறையில் முத்திரை கோணலாகிறது என்று கேட்டார். நாங்கள் எல்லாரும் ஆட்களைச் சந்தேகப்பட்டோம். அவரோ ஒரு வியாழக்கிழமை முழுவதும் முத்திரையிடும் மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு வரும் உறைச் சுருள் வேறு கடையினுடையது. அது வழவழவென்று இருந்ததால் விளக்கு வெளிச்சம் பட்டுக் கண் கூசியது. மேசையைத் திருப்பிப் போட்டோம். அவ்வளவுதான். அவருக்கு அது பெரிய விஷயமாகவே தோன்றவில்லை. "கண்ணுக்கு முன்னாடியே இருந்துச்சு சார், நாமதான் பாக்கல" என்றார்.

நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தினமும் எட்டரை மணி நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நோட்டில் அவர் கேள்விகளை எழுத ஆரம்பித்தேன். முதலில் மறந்துவிடக் கூடாதே என்றுதான். தலைமை அலுவலகத்துக்கு மாதாமாதம் அனுப்பும் குறிப்பில் அவற்றைச் சேர்த்தேன். 'எங்கள் ஆலையில் எழுந்த கேள்விகள்' என்று தொடங்கியது, நாளடைவில் 'நான் எழுப்பிய கேள்விகள்' என்று ஆனது. ஏனக்காவிடமிருந்து எதையும் பறித்ததாக எனக்குத் தோன்றவில்லை. கேள்வி நேரம் என்னுடையது, அலமாரி என்னுடையது. மரம் வைத்தவன் பழம் பறிப்பதில் என்ன தப்பு என்றுதான் நினைத்தேன். இரண்டு வருடத்தில் முப்பத்தொரு கேள்விகள் சேர்ந்தன. இயக்குநர் என்னை மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்தினார். அந்தச் சால்வையோடு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, சொந்தமாக ஒரே ஒரு கேள்வி எழுதிவிட வேண்டும் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பேனா மை காய்ந்ததுதான் மிச்சம்.

போன வருடம் இயக்குநர் ஆலையைப் பார்க்க வந்தார். முப்பத்தொன்றில் ஒன்றைப் பற்றி, அந்தச் சாய்வுத் தகட்டைப் பற்றித்தான், "இது ஏன் இந்தக் கோணத்துல இருக்கு? இன்னும் கொஞ்சம் சாய்ச்சா என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்போது தள்ளுவண்டியோடு பக்கத்தில் வந்த ஏனக்கா, வெகு சாதாரணமாக, "இன்னும் சாய்ச்சா மேல் தட்டு இடிக்கும் சார். நாலு கோணம் வச்சுப் பாத்துட்டோம்" என்றார். இயக்குநர் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு அவரோடு நாற்பது நிமிடம் பேசினார். எனக்கு நாற்காலி போடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

போகும்போது இயக்குநர் என் தோளைத் தட்டி, "நீங்க ரொம்ப நல்ல மாணவர்" என்றார்.

எனக்கு வயது ஐம்பத்தொன்று.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நீராவி அறை வேலையோடு சேர்த்து, நிறுவனத்தின் மூன்று ஆலைகளுக்கும் கற்றல் பொறுப்பாளராக ஏனக்காவை நியமித்திருந்தார்கள். புதன்கிழமைக் கேள்வி நேரத்தை இனி அவரே நடத்துவார், மேலாளர் விரும்பினால் கலந்துகொள்ளலாம். 'விரும்பினால்' என்ற சொல்லை எத்தனை முறை படித்தேன் என்று நினைவில்லை. ஏனக்கா என் அறைக்கு வந்து அழுதார். "நீங்க அந்தப் புதன்கிழமைய ஆரம்பிக்கலன்னா நான் இன்னும் கட்டு மடிச்சிட்டுத்தான் இருப்பேன் சார். எனக்குப் பேச வருமான்னு தெரியல, நீங்கதான் பக்கத்துல இருக்கணும்." நான் இருப்பதாகச் சொன்னேன். அதைச் சொல்லும்போது மனதாரத்தான் சொன்னேன்.

அதன் பிறகுதான் அது நடந்தது. நடந்ததிலேயே முக்கியமானது அதுதான், உங்கள் விசாரணையில் அது வரவே இல்லை. எனக்கு ஒரு கேள்வி வந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை. நீராவி அறை வேலையை முடித்து நீராவியை வெளியேற்றிக்கொண்டிருந்தது. வேறு எதையோ யோசித்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தவன், கேஜைப் பார்த்தேன். முள் சரசரவென்று இறங்கியது. வழக்கமாக ஒன்பது நிமிடம் ஆகும். அன்று ஐந்து நிமிடத்தில் பூஜ்யம். ஆனால் வெளியேறும் குழாயில் நீராவியின் சத்தம் இன்னும் அடங்கவில்லை. ஏன்?

அந்த 'ஏன்' எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. எனக்குள்ளிருந்து வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரம் அது மண்டையைக் குடைந்தது. சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் அதே நினைப்பு. "என்ன, முகமே மாறிப்போச்சு? காதல் கீதல் ஏதாவதா?" என்று மனைவி கேட்டாள். அவளுக்குக்கூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை. தனியாகப் போய், அறையிலிருந்து கேஜுக்கும் பூட்டுக்கும் போகிற மெல்லிய குழாயைக் கழற்றினேன். உள்ளே பஞ்சு. வருடக்கணக்கில் நீராவியோடு வந்த தூசி ஊறி, அடைப்பாகத் திரண்டிருந்தது. உட்கார்ந்து யோசித்தேன். குழாயில் மாட்டிக்கொண்ட நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடுகிறது. கேஜ் பூஜ்யம் காட்டுகிறது. பூட்டும் அதை நம்பி விட்டுவிடுகிறது. ஆனால் அறைக்குள் அழுத்தம் மிச்சமிருக்கிறது. அந்த நேரத்தில் கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவ்வளவு பெரிய கதவுக்குக் கொஞ்சம் அழுத்தமே போதும்.

அன்று நான் அடைந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் மகன் பிறந்தபோதுகூட அப்படி இருந்ததில்லை. நோட்டில் தேதி போட்டு எழுதினேன். வரும் புதன்கிழமைக் கூட்டத்துக்கு இயக்குநர் வருவதாக இருந்தது. அவர் கண்ணெதிரே அறையை ஓட்டி, முள் பூஜ்யத்துக்கு வந்ததும், "இப்போ உள்ள அழுத்தம் இல்லன்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டு, பக்கத்துச் சிறிய வால்வைத் திறந்து நீராவி பீறிடுவதைக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்கு அடைப்பு அப்படியே இருக்க வேண்டும். குழாயைப் பழையபடி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மூன்று நாள்தானே. ஏனக்கா எப்போதும் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் நான்கு நிமிடம் கூடுதலாகக் காத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். கேஜை முழுக்க நம்பாமல் அவராகவே வைத்துக்கொண்ட வழக்கம் அது. அதனால் ஆபத்து இல்லை என்று கணித்தேன். அந்தக் கணிப்பு சரியானதுதான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏனக்கா என் அறை வாசலில் வந்து நின்றார். கையெல்லாம் எண்ணெய்.

"சார், கொஞ்ச நாளா கேஜ் சீக்கிரமே பூஜ்யத்துக்கு வருது. ஏன்னு பாத்தேன். அந்தச் சின்னக் குழாய்ல பஞ்சு அடைச்சிருக்குமோன்னு சந்தேகம். கழட்டிப் பாக்கட்டுமா?"

நான் ஒரு வாரம் சுமந்ததை அவர் வாசல்படியில் நின்றபடி ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நான் கோபப்படவில்லை. களைப்பாக இருந்தது. மலை ஏறி முடித்தவனுக்கு, உச்சியில் வேறொருவர் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தால் வருகிற களைப்பு.

"நான் ஞாயித்துக்கிழமையே பாத்துட்டேம்மா. அடைப்பு இருந்துச்சு. சுத்தம் பண்ணி மாட்டியாச்சு" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "நீங்களேவா சார் கழட்டிப் பாத்தீங்க? அப்பாடா. நான் பயந்துட்டே இருந்தேன்."

ஒரு நாளைக்கு மட்டும்தான் அந்தப் பொய் தேவைப்பட்டது. கேள்வி புதன்கிழமை பதினொரு மணிவரை என்னுடையதாக இருந்தால் போதும். நான் சுத்தம் செய்துவிட்டதாகச் சொன்னதால் அவர் அந்த நான்கு நிமிடம் இனிக் காத்திருக்க மாட்டார் என்பது செவ்வாய்க்கிழமை எனக்குத் தோன்றவில்லை. புதன்கிழமை காலையில் தோன்றியது. என் முதல் வாக்குமூலத்தில் விட்டுப்போனது இதுதான்.

காலை ஒன்பதரைக்கு முதல் சுற்று முடியும் நேரம். நான் நீராவி அறைக்குப் போனேன். அவரை எச்சரிக்கத்தான் போனேன் என்று உறுதியாகச் சொல்ல முடியும். ஏனக்கா புதுச் சேலை கட்டியிருந்தார், மேலே ஆலை அங்கி. கையில் ஒரு துண்டுத்தாள்.

"இன்னைக்குக் கூட்டத்துல இந்தக் குழாய் விஷயத்ததான் சார் சொல்லப்போறேன். எழுதி வச்சிருக்கேன் பாருங்க. நான் கேள்வி கேட்டேன், நீங்க சுத்தம் பண்ணீங்கன்னு. ரெண்டு பேர் பேரும் சேந்து வரட்டும்."

தாளை வாங்கிப் பார்த்தேன். அழகான கையெழுத்து. முதல் வரியில் அவருடைய கேள்வி. இரண்டாவது வரியில், மேலாளர் உடனே சுத்தம் செய்தார் என்று இருந்தது.

முள் பூஜ்யத்தைத் தொட்டது. பூட்டு 'டக்' என்று விட்டது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சே நிமிஷந்தான் ஆகுது. இன்னமும் சீக்கிரமாத்தானே வருது சார்?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "திறக்கலாமா?"

யோசிக்க நேரம் இருந்தது. அவசரத்தில் வாய் தவறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். வெளியேறும் குழாய்க்குப் பக்கத்தில் நின்றதால் நீராவி சீறுவது என் காதில் விழுந்தது. துணி வெட்டும் இயந்திரங்களின் இரைச்சலில் அது அவருக்குக் கேட்டிருக்காது. என் தாளில் போட்ட கணக்கு நினைவுக்கு வந்தது. அது சரியா தவறா என்று எனக்கு இன்னும் தெரியாது என்பதும் நினைவுக்கு வந்தது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று என் வாழ்க்கையில் அப்படி ஒருபோதும் துடித்ததில்லை.

"சுத்தம் பண்ணினதாலதான் சீக்கிரம் வருது. திறங்க" என்றேன். தூணுக்குப் பின்னால் நான்கு அடி நகர்ந்து நின்றேன்.

கதவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். படங்கள் உங்கள் கோப்பில் இருக்கின்றன. என் கணக்கு ஏறக்குறைய சரியாகவே இருந்தது.

ஏனக்கா மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டாம் நாள் நான் போனேன். அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்தித்தான் சார் எப்பவும் பேசுவா" என்றார். மகள் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். ஏனக்காவின் முகத்தில் கட்டுகளுக்கு நடுவே கண்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. அவர் கைபட்ட கட்டுகளாகவும் அவை இருக்கலாம், எங்கள் ஆலையின் முத்திரை இருந்தது. என்னைப் பார்த்ததும் பேச முயன்றார். குனிந்து காதை வைத்தேன்.

"பூஜ்யந்தானே சார் காட்டுச்சு. அப்புறம் ஏன்?"

அத்தனை வருடத்தில் அவர் கேட்ட ஒரு கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இருந்தது அன்றைக்குத்தான். "பாக்கலாம்மா, நீங்க தூங்குங்க" என்றேன். மறுநாள் விடியற்காலையில் போய்விட்டார்.

இப்போது நீங்கள் கேட்கலாம், யாருக்கும் சந்தேகம் வராதபோது இதை ஏன் எழுதுகிறாய் என்று. மனசாட்சி உறுத்தியது என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் நான் நன்றாகத்தான் தூங்குகிறேன். காலையில் இருபது பக்கம் படிக்கிறேன். புதன்கிழமைக் கூட்டத்தையும் மறுபடி நானே நடத்துகிறேன். இயக்குநரே கேட்டுக்கொண்டார்.

நேற்று உங்கள் இறுதி அறிக்கையின் நகல் எனக்கு வந்தது. பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள். விபத்துக்கு யாரும் பொறுப்பில்லை என்று முடித்திருப்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பதினான்காம் பக்கத்தில், 'மெல்லிய குழாயில் பஞ்சு அடைந்திருந்ததும், அதனால் கேஜ் தவறாகப் பூஜ்யம் காட்டியதும் இதுவரை எவருக்கும் தெரியாத குறை. எங்கள் ஆய்வுப் பொறியாளர் தமது கூர்மையான பார்வையால் முதன்முதலில் கண்டறிந்தார்' என்று இருக்கிறது. மற்ற ஆலைகளுக்கு அனுப்பும் எச்சரிக்கைச் சுற்றறிக்கையிலும் அவர் பெயரைப் போடப்போவதாக அறிகிறேன். அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் வருவதற்குப் பதினொரு நாள் முன்னாலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாருடைய உதவியும் இல்லாமல் அதைக் கண்டுபிடித்தவன் நான். நோட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன், தேதியைச் சரிபார்த்துக்கொள்ளலாம். என் மீது நீங்கள் எடுக்கும் நடவடிக்கை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். சுற்றறிக்கை அச்சுக்குப் போகும் முன் பெயரை மட்டும் திருத்திவிடுங்கள்.